தட்டிப் பார்த்தவள்

ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் தட்டணும்.
அரசரடித் தகரக் கொட்டகையில், அறுபத்திரண்டில்,
எனக்குச் சொன்ன முதல் விதி அது.
பென்சில் தடிமனில் ஓர் இரும்புக் குச்சியைக் கையில் தந்து
‘ஒச்சம்மா, டிங்னா நல்ல சரக்கு, டொக்னா கெட்டது,
நடுவுல ஒண்ணும் கிடையாது’ என்றார் போர்மேன் மாசிலாமணி.
நடுவில் நிறைய இருந்தது.
அது காதில் விழ ஆறு வருஷம் ஆனது.

சீனச் சண்டையை நான் செய்தியில் கேட்கவில்லை.
நாளைக்கு எண்ணூறு டின் தட்டினவள்
மூவாயிரம் தட்டினேன், மணிக்கட்டு வீங்கியது.
பனியில் நிற்கிற பிள்ளைகளுக்காம்,
உசிலம்பட்டிப் பாகற்காய்.

கம்பெனி பேர் இரட்டைக்கயல்.
பாண்டியன் கொடி மீன்கள் லேபிளில் துள்ளும்,
உள்ளே நத்தம் மாம்பழம்.
மீன் எங்கே என்று பம்பாயிலிருந்து ஒரு கடுதாசி,
மீன் பட்ட டின் வேண்டாம் என்று காசியிலிருந்து ஒன்று.
இரண்டையும் கண்ணாடி போட்டு மாட்டினார் முதலாளி.

முதலாளி பேர் தனுஷ்கோடி.
ஒரு டிசம்பர் ராத்திரி
கடல் அவர் பேரைத் தின்றுவிட்டுப் போனது.
மண்டபத்துக்கு மூன்று லாரி டின், காசில்லாமல்.
திறப்பான் வைக்க மறந்துவிட்டார்.
பாறையில் அடித்து உடைத்துத் தின்றார்கள், கையெல்லாம் ரத்தம் என்று
டிரைவர் வந்து சொன்னான்.
மறுநாள் சுவரில் எழுதினார்:
பெட்டிக்கு ஒரு திறப்பான்.
எழுத்து கடைசிவரை இருந்தது.
திறப்பான் ஒரு வருஷம் இருந்தது.

அடுத்த மாதமே தெருவெல்லாம் தீ.
ராணுவ லேபிளில் இந்தி எழுத்து,
வாசலில் காலேஜ் பையன்கள்,
அதில் ஒருத்தன் முதலாளியின் மூத்த மகன்.
ராத்திரி முழுக்க அண்டாவில் வெந்நீர் வைத்து
நாங்கள் லேபிளை ஊறவைத்து உரித்தோம்.
நாலாயிரம் டின், நிர்வாணமாக,
கூடல் நகரில் ரயிலேறியது.
செப்டம்பர் சண்டை முடிந்து ஒரு கார்டு வந்தது,
பேரையூர்க்காரச் சிப்பாய் எழுதினது:
‘மாம்பழம்னு நெனச்சுத் திறந்தா பாகக்காய்.
மறுநாள் பாகக்காய்னு திறந்தோம், அதுவும் பாகக்காய்.’

எழுபத்தைந்தில் சுவருக்கு இன்னொரு வாசகம் வந்தது:
பேச்சைக் குறை, வேலையைக் கூட்டு.
எங்கள் கொட்டகையில் குறைக்கப் பேச்சு ஏது?
மூடி பதிக்கிற மிஷின் ஞானதுரை கையில் இருந்தது,
சங்கமும் அவர் கையில்தான்.
ஜீப் வந்தது. மிஷின் மட்டும் இருந்தது.
அதற்கப்புறம் நூற்றுக்கு முப்பது டொக்.
ஒதுக்கினேன்.
‘இந்த நேரத்துல கணக்கு குறையக் கூடாதும்மா’ என்றார் மாசிலாமணி,
என் முகத்தைப் பார்க்காமல்.
ஏழு டின்னை டிங் என்று எழுதினேன்.

வெள்ளிவிழா மலரில் எல்லாம் போட்டார்கள்,
மந்திரி வந்தது, மாலை விழுந்தது,
எந்தச் சண்டைக்கு எத்தனை டன்.
என் போட்டோவும் உண்டு, குச்சியோடு.
அந்த ஏழைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பத்து வருஷம்
வயிற்றுப்போக்கு என்று பேப்பரில் எந்த ஊர் பேர் வந்தாலும்
எண்ணிப் பார்த்தேன்.

தொண்ணூற்றொன்று மே மாதம்,
மாம்பழக் கூழ் கொதிக்கும்போது
ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.
பாய்லருக்குக் கரி வரவில்லை.
பாதி வெந்ததை அப்படியே அடைத்தோம்.
ரெண்டு வாரத்தில் டின்கள் கர்ப்பம்போல் ஊதி
நடுராத்திரி குடோனில் வெடித்தன.
குண்டு என்று வாட்ச்மேன் வேட்டியை விட்டு ஓடினான்.
சுவரெல்லாம் மஞ்சள்.
அதைத் தட்டிப் பார்க்க என் காது தேவைப்படவில்லை.
அந்த வருஷமே ரூபாய் சரிந்தது, தகரம் ஏறியது.
காலேஜில் கோஷம் போட்ட மகன்தான்
விற்றுக் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷில்.

இப்போது அங்கே ஏசி கல்யாண மண்டபம்.
முகூர்த்தத்துக்குப் போனால்
பாய்லர் நின்ற இடத்தில்தான் பந்தி.
எவர்சில்வர் டம்ளரை விரல் தானாகத் தட்டுகிறது.
தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து
யாரோ ஒரு பையன்
நிரம்பின டம்ளரிலேயே ஊற்றிவிட்டுப் போகிறான்.